ஆபீஸ் ஆளா, வெளி கம்பெனியா, ஐபிஏ-வா? அமெரிக்க கிளினிக்கின் கிரெடென்ஷியலிங் கணக்கு

அமெரிக்காவில் டாக்டர் கையில் லைசென்ஸ் இருந்தால் மட்டும் பணம் வந்துவிடாது. ஒவ்வொரு இன்சூரன்ஸும் அவர் படிப்பு, லைசென்ஸ், பழைய வழக்குகளைச் சரிபார்க்க வேண்டும், அதுதான் கிரெடென்ஷியலிங். அப்புறம் கட்டண ஒப்பந்தம் தனி. இந்த வேலையில் கணிசமான பங்கு சென்னையில் ராத்திரி ஷிப்டில் நடக்கிறது. நானும் அந்த ஷிப்டுக்காரன்தான், அதனால் கொஞ்சம் பாரபட்சம் இருக்கும்.

இதைச் செய்ய மூன்று வழிகள். கிளினிக்கின் ஆபீஸ் மேனேஜரே பார்த்துக்கொள்வது முதல் வழி. தனிச் செலவில்லை, கையெழுத்து வேண்டுமென்றால் பக்கத்து அறைக்குப் போனால் போதும். ஆனால் எல்லாமே ஒரே ஆளின் தலையில். பல இன்சூரன்ஸ்களும் டாக்டரின் விவரங்களை எடுத்துக்கொள்ளும் பொதுத் தளமான சிஏக்யூஎச்-ல் அவற்றைப் பெரும்பாலான மாநிலங்களில் 120 நாளுக்கு ஒருமுறை உறுதிசெய்ய வேண்டும். நான் பார்த்த ஒரு கிளினிக்கில் அந்த நினைவூட்டல் மெயில்கள் வேலையை விட்டுப்போன மேனேஜரின் பெட்டிக்கே போய்க்கொண்டிருந்தன. அதே சமயத்தில் இன்சூரன்ஸ் மூன்று வருடத்துக்கு ஒருமுறை செய்யும் மறு சரிபார்ப்பும் வந்தது. இன்சூரன்ஸின் ஒப்பந்த டாக்டர் பட்டியலான நெட்வொர்க்கிலிருந்து அவர் நீக்கப்பட்ட விஷயம், கிளெய்ம்கள் வரிசையாக நிராகரிக்கப்பட்டபோதுதான் தெரிந்தது.

இரண்டாவது வழி வெளி கம்பெனி. எந்த இன்சூரன்ஸ் எப்படி இழுத்தடிக்கும் என்பது அவர்களுக்கு அத்துப்படி. ஆனாலும் 'ஒரே மாதத்தில் முடித்துத் தருகிறோம்' என்றால் நம்பாதீர்கள். தனியார் இன்சூரன்ஸில் மூன்று, நான்கு மாதம் சகஜம். இன்சூரன்ஸின் ஒப்புதல் கமிட்டி கூடும் தேதியை யாராலும் முன்னே தள்ள முடியாது. முக்கியமாக முதியோருக்கான அரசு இன்சூரன்ஸான மெடிகேர் கொஞ்சம் தாராளம்: விண்ணப்பம் போய்ச் சேர்ந்த தேதிக்கு 30 நாள் முன்புவரை பார்த்த நோயாளிகளுக்கும் பெரும்பாலும் பில் போட முடியும். தனியாரில் பலரும் பின்தேதி தரமாட்டார்கள். ஆகவே புது டாக்டர் சேரும் முன்பே விண்ணப்பம் போயாக வேண்டும்.

ஒப்பந்தம் என்று வந்தால் வெளி கம்பெனி சறுக்கும். வந்த காகிதத்தில் கையெழுத்து வாங்கித் தருவதோடு பலரும் நிறுத்திக்கொள்வார்கள். 'மெடிகேரில் 110 சதவீதம்', அதாவது மெடிகேர் கட்டணத்தைவிட பத்து சதவீதம் கூடுதல், என்ற வரியையே எடுத்துக்கொள்ளுங்கள். எந்த வருட மெடிகேர்? ஒவ்வொரு சேவைக்கும் மெடிகேர் இத்தனை பாயின்ட் என்று கணக்கு வைத்திருக்கிறது. ஒரு பாயின்ட்டுக்கு அது தரும் தொகை 2019-ல் 36.04 டாலர், 2025-ல் 32.35. அப்படியென்றால் பழைய வருடமே லாபம் என்று தோன்றும். அறுவை சிகிச்சை டாக்டருக்குப் பெரும்பாலும் அது சரி. குடும்ப டாக்டருக்கோ நேர்மாறு. பழைய நோயாளி வந்துபோகும் சாதாரண விசிட்டின் பில் கோடான 99213-க்கு, டாக்டரின் உழைப்புக்கான பாயின்ட் 2021-ல் 0.97-லிருந்து 1.30 ஆக ஏறியது. 2019 கட்டணத்திலேயே உறைந்த ஒப்பந்தத்தில் அவருக்கு அந்த ஏற்றம் கிடைக்காது. இன்னொரு வரி: 'பில் தொகை, ஒப்பந்தத் தொகை இரண்டில் எது குறைவோ அது.' ஒப்பந்தம் 112 டாலர் என்றிருக்க, நீங்கள் 90-க்கு பில் போட்டால் 90-தான் வரும். இதையெல்லாம் வாடகைக்கு வந்தவர் கவனிப்பார் என்று எதிர்பார்க்க முடியாது.

மூன்றாவது வழி ஐபிஏ, அதாவது தனி டாக்டர்கள் சேர்ந்த கூட்டமைப்பு. பல ஐபிஏ-க்கள் சரிபார்ப்பையும் இன்சூரன்ஸ் சார்பில் தாங்களே செய்வதால், ஒரே வாசலில் பல ஒப்பந்தங்கள் கிடைக்கும். டாக்டர்கள் சும்மா கூடி விலை பேசினால் அது ஏகபோகத் தடைச் சட்டத்தில் மாட்டும். நஷ்டத்தைப் பகிர்ந்துகொள்ளும் அல்லது சிகிச்சை முறையில் உண்மையாக ஒருங்கிணைந்த அமைப்பாக இருக்க வேண்டும். சிக்கல் வெளியேறும்போதுதான்: ஒப்பந்தம் ஐபிஏ-வுடையது, உங்களோடு வராது. ஆனாலும் கலிபோர்னியாவில் ஹெச்எம்ஓ (நெட்வொர்க் டாக்டர்களிடம் மட்டும் போகச் சொல்லும் இன்சூரன்ஸ் திட்டம்) நோயாளிகள் வேண்டுமென்றால் பெரும்பாலும் ஐபிஏ-வை விட்டால் வழியில்லை.

ஒன்றிரண்டு டாக்டர்கள் என்றால் சரிபார்ப்பை வெளியே கொடுத்துவிட்டு, ஒப்பந்தத்தை நீங்களே உட்கார்ந்து படியுங்கள். ஐந்தாறு பேரைத் தாண்டினால் சம்பளத்துக்கு ஓர் ஆள் வைப்பதே மேல். எந்த வழியில் போனாலும் லாகின் கிளினிக் பெயரில் இருக்கட்டும். மெடிகேரில் டாக்டர்கள் பதிவுசெய்யும் தளமான பெகோஸில் பாஸ்வேர்டு தராமலே வெளி ஆளுக்கு அனுமதி கொடுக்கலாம். புது கிளினிக் ஒன்று எங்களிடம் வந்தால் நான் கேட்கும் முதல் கேள்வி: சிஏக்யூஎச்-ல் யார் மெயில் ஐடி இருக்கிறது?