வால்பாறை மழைக்குக் கேமரா கொண்டுபோகிறவர்கள், ரெயின் கவர் வாங்கும் முன் இதைப் படியுங்கள்

போன ஜூலையில் என் கேமராவை வால்பாறையில் பறிகொடுத்தேன். யாரும் திருடவில்லை. 2,400 ரூபாய் கொடுத்து நானே வாங்கிய ரெயின் கவருக்குள் பத்திரமாக இருந்தபடியேதான் அது போனது.

கவர் வாங்கியது கோவையில் ஒரு கேமராக் கடையில். பெயர் வேண்டாம். சிங்கவால் குரங்கைப் படம் எடுக்கப் போகிறேன், மழையில் நிற்க வேண்டியிருக்கும் என்று விவரமாகச் சொல்லித்தான் கேட்டேன். "சார், உங்க கேமரா பாடியே வெதர் சீல்டு, தண்ணி போகாம இடுக்கெல்லாம் அடைச்சது. மேல இதையும் போட்டா அருவிக்குள்ள நின்னுகூட எடுக்கலாம்" என்றார் விற்பனையாளர். கூடவே ஒரு லென்ஸ் துணியும் இலவசம். நானும் தலையாட்டிக்கொண்டு பணத்தைக் கட்டிவிட்டு வந்தேன்.

ஆழியாறிலிருந்து 40 கொண்டை ஊசி வளைவு ஏறி மேலே போனால், தென்மேற்குப் பருவமழை நேரத்தில் அது வேறு ஊர். தமிழ்நாட்டில் அதிகம் மழை வாங்கும் இடங்களில் ஒன்றான சின்னக்கல்லாறு பக்கத்தில்தான் இருக்கிறது. கீழே நாம் பார்க்கிற மழை மாதிரி அடித்துவிட்டு ஓய்வதில்லை. சாரலாகவே நாள் முழுக்க இறங்கும். புதுத்தோட்டம் சாலையோரம் ஒரு மணி நேரம் நின்றேன். குரங்குக் கூட்டம் வந்தது, நாற்பது ஐம்பது படம் எடுத்தேன், காலில் மூன்று அட்டை. அதெல்லாம் சரி. அப்புறம் கண் வைத்துப் பார்க்கும் வியூஃபைண்டரில் புகை மாதிரி படிந்தது. மூச்சுக்காற்று என்று நினைத்துத் துடைத்தேன். போகவில்லை, அது உள்ளே இருந்தது.

கவரைக் கழற்றினால், ஃபிளாஷ் மாட்டும் இடத்தில் தண்ணீர் தேங்கி நிற்கிறது. லென்ஸ் சேரும் வளையத்தைச் சுற்றி ஈரம்.

இங்கே என் தப்பு ஒன்றையும் ஒப்புக்கொள்கிறேன். பதற்றத்தில் ஓடுகிறதா பார்ப்போம் என்று இரண்டு மூன்று தடவை ஆன் செய்தேன். உள்ளே ஈரம் இருக்கும்போது மின்சாரம் பாய்ந்தால் சர்க்யூட் போர்டு போய்விடும். நனைந்த உடனே பேட்டரியைக் கழற்றியிருக்க வேண்டும். தங்கியிருந்த இடத்து அண்ணன் "அரிசிக்குள்ள போட்டு வைங்க தம்பி" என்றார். அதையும் செய்தேன். உள்ளே போன ஈரத்தை அரிசி ஒன்றும் செய்யவில்லை, பட்டன் இடுக்கில் மாவு ஏறியதுதான் மிச்சம்.

அன்று இரவு கவருக்குள் செல்போன் டார்ச்சை விட்டுப் பார்த்தேன். மேல் தையல் நெடுக, ஊசி இறங்கிய ஒவ்வொரு இடத்திலும் ஒரு புள்ளி வெளிச்சம். துணி நல்ல துணிதான், அதன் வழியாகச் சொட்டு இறங்காது. ஆனால் தையலை உள்பக்கம் டேப் ஒட்டி அடைக்கவே இல்லை. அந்தத் தையலும் சரியாகக் கேமராவின் தலைக்கு மேலே வருகிறது! மறுநாள் தோட்டத்தில் கொழுந்து பறிக்கும் அக்காமார்களைப் பார்த்தேன். தலையிலிருந்து முதுகு வரைக்கும் ஒரே பிளாஸ்டிக் தாள், கொங்காடை மாதிரி மடித்துப் போட்டிருந்தார்கள். அதில் தையலே கிடையாது.

திரும்பி வந்து கடைக்குப் போனேன். அதே ஆள், லேபிளைத் திருப்பிக் காட்டினார். பொடி எழுத்தில் 'வாட்டர் ரெசிஸ்டன்ட்', அதாவது தண்ணீரை ஓரளவு தாங்கும் என்று மட்டும். தண்ணீர் புகவே புகாது என்கிற 'வாட்டர்ப்ரூஃப்' பில்லிலும் இல்லை, லேபிளிலும் இல்லை, அவர் வாயில் மட்டும்தான் இருந்தது. "யூஸ் பண்ணினதை ரிட்டர்ன் எடுக்க மாட்டோம் சார்."

சர்வீஸ் சென்டரில் திறந்து காட்டினார்கள், போர்டின் ஓரத்தில் பச்சையாகப் பூத்திருந்தது. வாரண்டியில் இன்னும் ஐந்து மாதம் பாக்கி. ஆனால் தண்ணீர் புகுந்த சேதத்துக்கு வாரண்டி கிடையாதாம். வெதர் சீல்டு என்றால் தூறலைக் கொஞ்ச நேரம் தாங்கும், அவ்வளவுதான் அர்த்தம். அதுவும் லென்ஸும் சீல் உள்ளதாக இருந்தால்தான். என்னுடையது கேமராவோடு சேர்த்தே கொடுக்கும் கிட் லென்ஸ், அதில் சீல் இல்லை. உங்கள் லென்ஸின் பின்பக்க உலோக வளையத்தைச் சுற்றி மெல்லிய ரப்பர் பட்டை ஒன்று இருக்கிறதா என்று இப்போதே கழற்றிப் பாருங்கள். இல்லையென்றால் பாடியில் என்ன சீல் இருந்தும் அந்த வழி திறந்தேதான் கிடக்கிறது. விற்பனையாளருக்கு இது தெரியாமலா இருந்திருக்கும்? ரிப்பேர் 31,500 என்றார்கள். வேண்டாம் என்று வந்துவிட்டேன்.

இப்போது எந்தக் கவர் வாங்கினாலும் முதலில் குளியலறைக்குத்தான் போகிறது. உள்ளே கேமராவுக்குப் பதில் டிஷ்யூ தாளைச் சுருட்டி வைத்து, ஷவருக்கு அடியில் பத்து நிமிஷம். தாள் நனைந்தால் கவர் கடைக்கே திரும்பிப் போகும். 'யூஸ் பண்ணினது' என்ற பேச்சு வரக்கூடாது என்பதற்காக, இந்தச் சோதனையைச் சொல்லி, பில்லில் எழுதி வாங்கிக்கொண்டுதான் காசு கொடுக்கிறேன். எழுத மறுத்தால் அதுவே பதில். அவசரத்துக்குத் தையல் இல்லாத கெட்டியான பாலித்தீன் பை ஒன்று, லென்ஸின் முன்னால் மாட்டும் ஹூட்டில் ரப்பர் பேண்ட் போட்டு இறுக்கினால் போதும், பார்க்கத்தான் அசிங்கம். மழையில் ஜூமை முன்னும் பின்னும் இழுக்காதீர்கள், குழல் நீளும் லென்ஸ் வெளிக்காற்றை ஈரத்தோடு உள்ளே இழுக்கும். அறைக்கு வந்ததும் வெளியே துடைத்து, ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல்லோடு காற்றுப் புகாத டப்பாவில் வையுங்கள். ஜெல்லின் நீல மணி ரோஸ் நிறமானால் மாற்ற வேண்டும். நான் இதைச் செய்யாமல் விட்ட கிட் லென்ஸுக்குள் அக்டோபரில் சிலந்தி வலை மாதிரி பூஞ்சை படர்ந்துவிட்டது.

அந்தக் கவர் இன்னும் என்னிடம்தான் இருக்கிறது. பைக் சீட்டுக்குப் போட்டுப் பார்த்தேன், அங்கேயும் ஒழுகுகிறது.