மாயா எழுத்தா, இஸ்த்மிய எழுத்தா: எதில் தொடங்குவது?

மெசோஅமெரிக்காவின் (மெக்சிகோவும் மத்திய அமெரிக்காவும் சார்ந்த பண்டைய நாகரிகப் பகுதி) தொல்லெழுத்துகளைப் படிக்க விரும்புவோர், பெருமளவு வாசிக்கப்பட்டுவிட்ட மாயா எழுத்தில் தொடங்குவதா, தென் மெக்சிகோவின் நிலஇடுக்குப் பகுதியைச் சேர்ந்த, இன்னும் புதிராக நிற்கும் இஸ்த்மிய எழுத்தைக் கையிலெடுப்பதா என்று தயங்குவதுண்டு.

சான்றுகள்: மாயாவுக்கு ஆயிரக்கணக்கான பொறிப்புகளும் நான்கு சுவடிகளும் உள்ளன. இஸ்த்மியத்துக்குக் கிடைத்தவை மிகச் சிலவே. அவற்றுள் நீளமானது, 1986இல் மெக்சிகோவின் வெராகுரூஸ் மாநிலத்தில் ஆற்றிலிருந்து எடுக்கப்பட்ட லா மொஹார்ரா கல்.

மொழி: மாயா மொழிகள் இன்றும் பேசப்படுகின்றன. இஸ்த்மிய எழுத்து எம்மொழிக்குரியது என்பதிலேயே கருத்தொற்றுமை இல்லை.

சரிபார்ப்பு: என் பார்வையில் முடிவைத் தீர்மானிப்பது இதுவே. 1952இல் சோவியத் ஆய்வாளர் யூரி க்னோரோசோவ், சுவடியில் வான்கோழிப் படத்தோடு வரும் சொல்லை 'கு-ட்ஸு' என்று படித்தார். அதன் இரண்டாம் குறியே நாய்ப் படத்தோடு வரும் சொல்லில் முதற்குறியாக நின்று 'ட்ஸு-லு' என வாசிக்க இடம் தந்தது. இரண்டும் யுகடெக் மாயா மொழியில் அவ்வுயிர்களுக்குரிய பெயர்களோடு பொருந்தின. மறுபுறம், 1993இல் அமெரிக்க ஆய்வாளர்கள் ஜான் ஜஸ்டிசனும் டெரன்ஸ் காஃப்மனும் வெளியிட்ட இஸ்த்மிய வாசிப்பை, பின்னர் வெளிப்பட்ட முகமூடி ஒன்றின் பொறிப்பில் மாயா ஆய்வாளர்கள் ஸ்டீபன் ஹூஸ்டனும் மைக்கேல் கோவும் பொருத்திப் பார்த்தபோது பொருள் தரும் வாசகம் கிடைக்கவில்லை.

எனவே, வாசிப்பு முறையைக் கற்று அரசர்களின் வரலாற்றைத் தாமே படிக்க விரும்புவோர் மாயாவைத் தேர்வது நலம். மொழியியல் பயிற்சியும், புதிய பொறிப்புகள் கிடைக்கும்வரை காத்திருக்கும் பொறுமையும் உடையோருக்கு இஸ்த்மியம் ஏற்றது.