கீழக்கரையில் மேட்ச் போடும் கடை: திரைக்கு முழு மதிப்பெண், பாட்டுக்குப் பாதி

கீழக்கரையிலிருந்து ஏர்வாடிக்குப் போகும் சாலையில் உள்ள இந்த உணவகம், பகலில் மீன் சோறும் மாலையில் பரோட்டாவும் விற்கும் சாதாரணக் கடைதான். ஆகஸ்டு முதல் மே வரை, சனி, ஞாயிறு இரவுகளில் மட்டும் அது இங்கிலாந்தின் பிரீமியர் லீக் கால்பந்து ஆட்டங்களைப் பெரிய திரையில் காட்டும் இடமாகிவிடுகிறது. பெயர்ப் பலகையைத் தேடி அலைய வேண்டியதில்லை. ‘மேட்ச் போடுற கடை’ என்று கேட்டால் ஆட்டோக்காரர் எவரும் கொண்டுவந்து இறக்கிவிடுவார். பார்ப்பதற்குத் தனிக் கட்டணம் இல்லை, ஏதேனும் வாங்கிச் சாப்பிட்டால் போதும். வளைகுடாவில் பல ஆண்டுகள் வேலை பார்த்துத் திரும்பிய சபுராளி ஒருவர் நடத்தும் கடை என்பதால், ஆட்டம் பார்ப்பது என்றால் என்ன என்பது அவருக்கு நன்றாகவே தெரிந்திருக்கிறது.

சமையலைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். பரோட்டா மெத்தென்று இருக்கிறது, இறால் தொக்கில் காரம் சற்று மிகை, இஞ்சி டீ எந்நேரமும் சூடாகக் கிடைக்கிறது, இடைவேளையில் தட்டில் வரும் தொதல் என்ற இனிப்பு இவ்வூரின் பெயருக்கு ஏற்ற தரத்தில் இருக்கிறது. திரை பெரியது, தெளிவானது. கடைசி வரிசையில் அமர்ந்தாலும் ஆட்டக்காரரின் முதுகில் உள்ள எண்ணைப் படிக்க முடிகிறது. ஒளிபரப்பு சில நொடிகள் பிந்தி வருவதால், பக்கத்துத் தெருவில் வேறு இணைப்பில் பார்ப்பவர்கள் போடும் கூச்சலே கோல் விழப் போவதை நமக்கு முன்கூட்டி அறிவித்துவிடுகிறது என்பது உண்மைதான், ஆனால் அதற்குக் கடைக்காரரைக் குறை சொல்ல முடியாது. விரிவாக எழுத வேண்டியது இங்கே ஒலிக்கவிடப்படும் பாடல்களைப் பற்றித்தான். கடையின் தனிச்சிறப்பும் பெருங்குறையும் இரண்டுமே அதில் அடங்கியிருக்கின்றன.

ஆட்டம் தொடங்குவதற்கு முன் அரை மணி நேரம் ஆங்கில நடனப் பாப் பாடல்கள் ஓடுகின்றன. அவற்றைத் தேர்ந்தெடுத்தவர் மனம்போன போக்கில் கோக்கவில்லை. பிரிட்டனின் கால்பந்து அரங்குகளில் ரசிகர்கள் தமதாக்கிக்கொண்ட மெட்டுகளாகப் பார்த்துப் பொறுக்கியிருக்கிறார். இத்தாலியப் பாடகி காலா 1996-இல் வெளியிட்ட ‘ஃப்ரீட் ஃப்ரம் டிசயர்’ முதலில் வருகிறது. 2016-இல் விகன் அத்லெடிக் என்ற இங்கிலாந்து அணியின் ரசிகர்கள் அதன் சொற்களை நீக்கிவிட்டு, வில் கிரிக் என்ற தங்கள் முன்கள ஆட்டக்காரரின் பெயரைப் பொருத்திப் பாடினார்கள். அவ்வாண்டு பிரான்சில் நடந்த யூரோ என்ற ஐரோப்பிய நாடுகளின் கால்பந்துப் போட்டியில், கிரிக் இடம்பெற்றிருந்த வட அயர்லாந்து அணியின் ரசிகர்கள் அதை ஊர் ஊராகப் பாடித் திரிந்தார்கள்; பாட்டுடைத் தலைவரான கிரிக் அந்தப் போட்டியில் ஒரு நிமிடம்கூடக் களமிறக்கப்படவில்லை என்பது வேறு கதை. அடுத்து வருவது பெட் ஷாப் பாய்ஸ் 1993-இல் பாடிய ‘கோ வெஸ்ட்’. வில்லேஜ் பீப்பிள் குழுவின் 1979-ஆம் ஆண்டுப் பாடலின் மறுவடிவமான இதை லண்டன் அணியான ஆர்சனலின் ரசிகர்கள் எடுத்துக்கொண்டு, ஒன்றுக்குப் பூஜ்யம் என்று வெல்லும் தங்கள் அணியின் வழக்கத்தையே பாட்டாக்கினார்கள். 1994-இல், தத்தம் நாட்டுக் கோப்பையை வென்ற ஐரோப்பிய அணிகள் மோதும் ‘கப் வின்னர்ஸ் கப்’ போட்டியின் இறுதி ஆட்டத்தில் இத்தாலிய அணியான பார்மாவை அதே ஒன்றுக்குப் பூஜ்யம் என்ற கணக்கில் ஆர்சனல் வென்றபோது, பாட்டும் முடிவும் ஒன்றாகிவிட்டன.

நடனப் பாடல் ஒன்றை நடன அரங்கில் வைத்து மதிப்பிடுவதும் கால்பந்து அரங்கில் வைத்து மதிப்பிடுவதும் ஒன்றல்ல. நடன அரங்கில் தாளக் கட்டு, அடிநாதம், ஒலிப்பதிவின் பளபளப்பு ஆகியவை பாட்டைத் தாங்கி நிற்கின்றன. கால்பந்து அரங்கில் அவை எதுவும் கிடையாது; பல்லாயிரம் தொண்டைகளும் கைத்தட்டலும் மட்டுமே உண்டு. ஆகவே, பல்லவி ஒரே மூச்சில் முடிய வேண்டும், பயிற்சி இல்லாத குரலும் எட்டிப் பிடிக்கும் அளவிற்குச் சுரங்கள் நெருங்கி அமைய வேண்டும், எந்தப் பெயரைச் செருகினாலும் மெட்டு உடையாமல் இருக்க வேண்டும். இந்தச் சோதனையில் காலாவின் பாடல் எளிதாகத் தேறுகிறது. அதில் சொல்லே இல்லாத ஒரு பகுதி இருப்பதால், ஆங்கிலம் அறியாதவரும் அதைப் பாடிவிடலாம். மாறாக, 1990 உலகக் கோப்பைக்காக நியூ ஆர்டர் குழு உருவாக்கிய ‘வேர்ல்டு இன் மோஷன்’, பிரிட்டிஷ் விற்பனைப் பட்டியலில் முதலிடம் பிடித்த நேர்த்தியான நடனப் பாடலாக இருந்தும், இக்கடையில் யாராலும் சேர்ந்து பாட முடியாததாகவே இருக்கிறது. இங்கிலாந்து ஆட்டக்காரர் ஜான் பார்ன்ஸ் அதில் பேசும் ராப் வரிகளை மனப்பாடமாக ஒப்பிக்கும் இளைஞர்கள் இங்கே உண்டு. ஆனால் ஒருவர் ஒப்பிக்க மற்றவர்கள் கேட்பது வேறு, கூட்டம் பாடுவது வேறு. கேட்பதற்கு அதற்கே என் முதலிடம். பாடுவதற்கு அதைப் பரிந்துரைக்க மாட்டேன்.

பட்டியலில் என்னை வியக்க வைத்தது, ரிகெய்ரா என்ற இத்தாலிய இருவர் குழுவின் 1985-ஆம் ஆண்டு டிஸ்கோ பாடல். இத்தாலிய ரசிகர்களின் வாயில் பல காலம் புழங்கிய அதன் மெட்டுதான், 2018-இல் லிவர்பூல் ரசிகர்கள் ஐரோப்பா முழுவதும் பாடிய ‘அலே அலே அலே’ பாட்டாக மாறியது. லிவர்பூலின் பழைய அடையாளப் பாடலான ‘யூ வில் நெவர் வாக் அலோன்’ 1945-ஆம் ஆண்டு இசைநாடகம் ஒன்றிலிருந்து வந்தது என்பதைப் பலரும் அறிவர்; புதிய பாட்டின் டிஸ்கோ மூலத்தைத் தேடிப் பிடித்து ஏர்வாடிச் சாலையில் ஒலிக்கவிடுவது, ரசனையும் உழைப்பும் உள்ள ஒருவரின் வேலை.

இவ்வளவு அறிந்த கடை, கோல் விழுந்ததும் செய்யும் காரியத்தைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை. பந்து வலையைத் தொட்ட மறுகணமே ஒலிபெருக்கியில் அதிரும் நடனப் பாட்டு ஒன்றை முழுச் சத்தத்தில் போடுகிறார்கள். வர்ணனை கேட்பதில்லை, அரங்கில் இருக்கும் ரசிகர்களின் குரல் கேட்பதில்லை, பக்கத்து மேசைக்காரர் என்ன சொன்னார் என்பதும் கேட்பதில்லை. கோலுக்குப் பின் பாட்டுப் போடும் வழக்கத்தை இங்கிலாந்திலேயே ரசிகர்கள் பலர் வெறுக்கிறார்கள். தாங்களாக எழுப்ப வேண்டிய சத்தத்தை இயந்திரம் எழுப்பினால், தாங்கள் அங்கே எதற்கு என்பது அவர்களின் வாதம். ஒரு ஞாயிற்றுக்கிழமை மின்தடை வந்தபோது இந்த வாதத்தின் நியாயம் கண்முன் தெரிந்தது. இன்வெர்ட்டர் திரையை மட்டுமே தாங்கும் என்பதால் ஒலிபெருக்கி அடங்கியிருக்க, அந்நேரத்தில் விழுந்த கோலுக்கு முன்வரிசை இளைஞர்கள் காலாவின் மெட்டில் ஊர்ப் பையன் ஒருவனின் பெயரை வைத்து, மேசையைத் தட்டிப் பாடத் தொடங்கினார்கள். பரோட்டா மாஸ்டர் உட்பட எல்லோரும் சேர்ந்துகொண்டோம். மின்சாரம் வந்ததும் ஒலிபெருக்கியும் வந்தது, பாட்டு நின்றது.

இதைக் கடைக்காரரிடமே, இவ்வூர் வழக்கில் ‘காக்கா’ (அண்ணன்) என்று அழைத்துச் சொன்னேன். “காக்கா, கோலுக்கு மட்டும் அந்தப் பாட்டை நிறுத்திட்டா என்ன?” என்றதற்கு, “பாட்டு இல்லேன்னா பையங்க வீட்டுலயே போன்ல பாத்துக்குவாங்களே தம்பி” என்று சிரித்தார். அவருடைய வணிகக் கணக்கு புரிகிறது. ஆனால் போனில் பார்க்க முடிந்ததைப் பார்க்க இவ்வளவு பேர் கிளம்பி வருவது பக்கத்தில் உட்கார்ந்து கத்துவதற்கு ஆள் வேண்டும் என்பதால்தான் என்றே எனக்குத் தோன்றுகிறது.

ரசிகப் பண்பாட்டின் மற்றொரு பக்கத்தைக் கடை சரியாகக் கையாள்கிறது. இங்கிலாந்து அரங்குகளில் பாடப்படுவதெல்லாம் இனிமையானதன்று. 1958-இல் மான்செஸ்டர் யுனைடெட் ஆட்டக்காரர்கள் உட்பட 23 பேர் இறந்த மியூனிக் விமான விபத்தையும், 97 லிவர்பூல் ரசிகர்களின் உயிரைப் பறித்த 1989 ஹில்ஸ்பரோ நெரிசலையும் கேலி செய்யும் பாட்டுகள் அங்கே இன்றும் தலைகாட்டுகின்றன, அவற்றிற்கு எதிராக லீக் நடவடிக்கையும் எடுத்து வருகிறது. போனில் கேட்டதைப் பொருள் தெரியாமல் இங்கே யாரேனும் தொடங்கினால், கடைக்காரர் தாமே எழுந்து வந்து அது யாருடைய மையித்தை (இறந்தவரின் உடலை) பற்றியது என்று நிதானமாக எடுத்துச் சொல்கிறார். அதற்குப் பிறகு அந்த மேசையில் அது மீண்டும் எழுவதில்லை. அங்கே எதிரணி ரசிகர்களைத் தனிப் பகுதியில் அமர்த்துகிறார்கள். இங்கே லிவர்பூல் சட்டையும் யுனைடெட் சட்டையும் ஒரே சால்னாக் கிண்ணத்தில் பரோட்டாவைத் தோய்க்கின்றன. அரங்கில் களம் தெரியும் இடத்தில் அமர்ந்து மது அருந்த 1985 முதல் அங்கே சட்டத் தடை உண்டு. இந்தக் கடையில் மதுவுக்கு இடமே இல்லை என்பதால் அந்தக் கேள்வியே எழவில்லை.

பெண்களுக்கான ஏற்பாடு போதாது என்பதை அழுத்தமாகவே சொல்ல வேண்டும். மாடியில் குடும்ப அறை இருக்கிறது, ஆனால் அதில் திரை இல்லை. கல்லூரி மாணவியர் பலர் இவ்வூரில் பிரீமியர் லீக்கை வாரந்தோறும் பின்தொடர்கிறார்கள்; அவர்கள் மாடியில் அமர்ந்து கீழே எழும் கூச்சலைக் கேட்டுக் கோலைக் கணிக்க வேண்டியிருக்கிறது. சிறிய திரை ஒன்று வைக்க இடமும் இருக்கிறது, இணைப்பும் இருக்கிறது.

நேரத்தைப் பொறுத்தவரை, சனிக்கிழமை இங்கிலாந்து நேரம் 3 மணி ஆட்டமே இக்கடைக்கு மிகப் பொருத்தமானது; நமக்கு அது இரவு 7.30, அக்டோபர் இறுதியில் அவர்கள் கடிகாரத்தை மாற்றிய பின் 8.30. அந்த ஆட்டங்களை இங்கிலாந்து மக்களே தொலைக்காட்சியில் நேரலையாகக் காண முடியாது, சனிக்கிழமை 2.45 முதல் 5.15 வரை அங்கே நேரலைக்கு 1960களில் தொடங்கிய தடை தொடர்கிறது. மான்செஸ்டரில் சீட்டுக் கிடைக்காதவர் காண முடியாததைக் கீழக்கரையில் இஞ்சி டீயுடன் காணலாம் என்பதில் எனக்குச் சிறிது பெருமையும் உண்டு. இரவுத் தொழுகைக்கான இஷா பாங்கு ஒலிக்கும்போது கடை தானாகவே சத்தத்தை நிறுத்திவிடுகிறது.

இடம் பிடிப்பவர்கள் கதவுக்கு இடப்புறம் உள்ள மேசைகளைத் தேர்ந்தெடுப்பது நல்லது. வலப்புறத்தில் கொத்துப் பரோட்டாக் கல்லின் ஓசை வர்ணனையை விழுங்கிவிடும். இரவு 10 மணிக்குத் தொடங்கும் ஆட்டங்களுக்கு அடுப்பு இடைவேளையோடு அணைந்துவிடுகிறது, எனவே சாப்பிட நினைப்பவர்கள் முதல் பாதியிலேயே சொல்லிவிட வேண்டும்.