நண்டுக் கம்பெனிக்கு நாற்காலிக் கணக்கு: 'காஸ்டிங் மாட்யூல்' வாங்கும் முன் பாருங்கள்

"டேலி மேல் ஒரு மாட்யூல் ஏற்றித் தருகிறோம், கிலோவுக்கு அடக்க விலை தானாக வந்து நிற்கும்." டேலி கணக்கு மென்பொருளில் சேர்க்கும் ஒரு கூடுதல் புரோகிராமுக்கு இப்படிச் சொல்லி, மண்டபம் பக்கம் நண்டு உடைத்துச் சதை எடுக்கும் ஒரு கம்பெனியில் 45,000 ரூபாயும், அதற்கு மேல் வருடாந்திரப் பராமரிப்புக் கட்டணமும் வாங்கியிருக்கிறார்கள். கிடைத்தது அழகான ரிப்போர்ட். அதிலிருந்த அடக்க விலை தப்பு. ஒரு சீசன் முழுக்க அதை நம்பித்தான் சரக்கு போயிருக்கிறது. பாம்பன், தொண்டி, தேவிபட்டினம் பக்கம் கம்பெனி வைத்திருப்பவர்கள் கொஞ்சம் கவனியுங்கள்.

டெமோவில் காட்டியது நாற்காலி. நாலு கால், ஒரு பலகை, எட்டு ஸ்குரூ சேர்த்தால் ஒரு நாற்காலி, அதன் அடக்கம் இவ்வளவு. கணக்கு சரிதான். ஆனால் நம் தொழில் அதற்கு நேர் தலைகீழ். இங்கே எதையும் சேர்ப்பதில்லை, உடைக்கிறோம். ஒரே நண்டிலிருந்து ஜம்போ, லம்ப், ஸ்பெஷல், கிளா (கொடுக்குச் சதை) என்று நாலு தரம் சதை வருகிறது. நாலுக்கும் நாலு விலை.

புரிவதற்காக ஓர் உதாரணக் கணக்கு. 100 கிலோ நீலக்கால் நண்டு, கிலோ 300 வீதம் 30,000 ரூபாய். ஐஸ், வண்டி, கமிஷன் 2,000. சதை 25 கிலோ: ஜம்போ 3, லம்ப் 5, ஸ்பெஷல் 9, கிளா 8. அந்த மாட்யூல் என்ன செய்தது? 32,000-ஐ 25-ஆல் வகுத்து எல்லாத் தரத்துக்கும் கிலோ 1,280 என்று போட்டுவிட்டது. கிளா 900-க்கு விற்கிறது என்றால் ரிப்போர்ட்டில் கிலோவுக்கு 380 நஷ்டம். 3,000-க்கு விற்கும் ஜம்போவில் 1,720 லாபம். இதைப் பார்க்கிற முதலாளி என்ன செய்வார்? கிளாவை ஓரங்கட்டுவார், ஜம்போவில் தாராளமாகத் தள்ளுபடி கொடுப்பார். அதுதான் நடந்தது.

விற்பனை மதிப்பு விகிதத்தில் பிரிக்க வேண்டும். லம்ப் 2,200, ஸ்பெஷல் 1,400 என்றால் மொத்த விற்பனை 39,800. அதில் 32,000 என்பது 80.4 சதவீதம். ஆக, அடக்கம் ஜம்போ 2,412, லம்ப் 1,769, ஸ்பெஷல் 1,126, கிளா 724. ஜம்போவை 2,300-க்குக் கொடுக்கலாமா என்ற கேள்விக்கு இப்போது பதிலே வேறு. (இந்தப் பிரிப்பும் இருப்பு மதிப்புக்குத்தான். இந்த லாட் வாங்கலாமா வேண்டாமா என்றால் 39,800-க்கும் 32,000-க்கும் உள்ள வித்தியாசத்தை மொத்தமாகப் பாருங்கள். ஜம்போவை மட்டும் தனியாக வாங்க முடியாது.)

கொடுமை என்னவென்றால், இதற்கு மாட்யூலே தேவையில்லை. டேலியில் சாதாரண ஸ்டாக் ஜர்னல் (ஒரு சரக்கைக் குறைத்து இன்னொன்றை ஏற்றும் பதிவு) போதும். ஒரு பக்கம் பச்சை நண்டு (உடைக்காத நண்டு) 100 கிலோ, மறுபக்கம் நாலு தரமும், மேலே சொன்ன விகித விலையைக் கையால் அடித்து. பில் ஆஃப் மெட்டீரியல்ஸ் (பொருளுக்கு என்னென்ன தேவை என்ற பட்டியல்), மேனுஃபேக்சரிங் ஜர்னல் (உற்பத்திப் பதிவு) எல்லாம் உள்ளேயே இருக்கின்றன. கோ-ப்ராடக்ட் (கூடவே வரும் பொருள்), பை-ப்ராடக்ட் (உபபொருள்), ஸ்கிராப் (கழிவு) என்று பிரிக்கும் வசதியும் எஃப்12 அழுத்தினால் வரும். இருந்ததைத் திறந்து காட்டி, மேலே ஒரு மெனு ஒட்டி விற்றிருக்கிறார்கள்.

ஐஸும் கமிஷனும் சரக்கின் விலையில் ஏறாமலே போவது, கவனிக்க வேண்டிய அடுத்த ஓட்டை. பர்ச்சேஸ் வவுச்சர் டைப்பில் 'ட்ராக் அடிஷனல் காஸ்ட்ஸ்' என்பதற்கு யெஸ் கொடுத்து, ஐஸ், வண்டி லெட்ஜர்களில் அளவுப்படிப் பிரிப்பதா மதிப்புப்படிப் பிரிப்பதா என்று சொல்லியிருக்க வேண்டும். சொல்லாவிட்டால் அது லாப நஷ்டக் கணக்கில் தனிச் செலவாகப் போய் உட்கார்ந்துகொள்ளும். பிறகு எடையும் பாருங்கள். கரையில் 100 கிலோ போட்ட சரக்கு, தண்ணீர் வடிந்து கம்பெனித் தராசில் 96 காட்டினால், 300 ரூபாய் நண்டு 312.50 ஆகிவிட்டது. பில்லில் உள்ள 100-ஐ அப்படியே ஏற்றினால் அந்த 4 கிலோ எங்கே போனது என்று வருடக் கடைசியில்தான் தேடுவீர்கள்.

ஏஜென்ட் வாரத்துக்கு ஒருமுறை பில் கொடுக்கிற இடத்தில் இன்னொரு தொல்லை. கொள்முதல் ஏறாமலே உற்பத்தி ஏறும், பச்சை நண்டு இருப்பு மைனஸில் போகும், சராசரி விலை குழம்பும். இறக்கிய அன்றே ரசீதுக் குறிப்பு போட்டு, விலையைப் பில் வந்ததும் திருத்துங்கள்.

பணம் கொடுக்கும் முன் உங்கள் சொந்த ஒரு வாரப் பில்களை அவர்கள் கையாலேயே ஏற்றச் சொல்லுங்கள். பிறகு ஒரு கொள்முதல் விலையை 10 ரூபாய் கூட்டிப் பாருங்கள். நாலு தரத்தின் அடக்கமும் நகரவில்லையென்றால், முதல் நாள் அடித்த விலைதான் உள்ளே உறைந்து கிடக்கிறது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான மீன்பிடித் தடைக்காலம் முடிந்து விலை மாறும்போது அந்த ரிப்போர்ட் வெறும் காகிதம்.

கடைசியாக ஃபைல். கையில் கொடுப்பது டிசிபி ஃபைல் (ஓட மட்டும் செய்யும் பூட்டிய ஃபைல்) மட்டும் என்றால் அதை வேறு யாராலும் திறந்து திருத்த முடியாது. டேலி புது வெர்ஷனில் அது ஓடாமல் போனால் மறுபடி விற்றவரிடமேதான் போக வேண்டும், கேட்கிற காசு கொடுக்க வேண்டும். மூல டிடிஎல் ஃபைல் (திருத்தக்கூடிய மூல நிரல்) தருவதாக எழுத்தில் வாங்குங்கள். ஏற்கெனவே மாட்டிக்கொண்டவர்கள் முதலில் டேட்டா ஃபோல்டரை முழுதாக பேக்கப் எடுத்துவிட்டு, அந்த மாட்யூலை நிறுத்தி வைத்து ஒரு நாள் என்ட்ரி போட்டுப் பாருங்கள்.