ஒரு நெஞ்சு, நான்கு காது: டீச்சிங் ஸ்டெத் வாங்கலாமா?

"கேட்குதா?" "கேட்குது சார்." மெடிசின் வார்டில் தினமும் நடக்கும் இந்தப் பேச்சில் பாதிக்குப் பாதி பொய். மாணவரைக் குறை சொல்லிப் பயனில்லை. பின்னால் பதினைந்து பேர் வரிசையில் நிற்கிறார்கள். நோயாளி சட்டையைத் திறந்தபடி படுத்திருக்கிறார். மேலே ஃபேன் கடகடக்கிறது. அந்த நேரத்தில் "கேட்கலை சார்" என்று சொல்ல யாருக்கு வாய் வரும்? இந்தப் பொய்யைப் பிடிக்க உதவும் ஒரே கருவி என்றால் அது இரட்டைக் காது வைத்த டீச்சிங் ஸ்டெத்தஸ்கோப், சுருக்கமாக டீச்சிங் ஸ்டெத்தான். கூடவே, இதுபோல எரிச்சல் தரும் ஸ்டெத்தும் வேறில்லை.

பொருள் எளிது. நெஞ்சில் வைக்கும் செஸ்ட்பீஸ் ஒன்று. அதிலிருந்து கிளம்பும் குழாய் நடுவில் இரண்டாகப் பிரிந்து, இரண்டு பேர் மாட்டிக்கொள்ளும்படி இரண்டு ஹெட்செட்டில் முடியும். குழாய் சாதாரண ஸ்டெத்தைவிட நீளம், ஏறக்குறைய ஒரு மீட்டர் வரும். ஆசிரியரும் மாணவரும் ஒரே துடிப்பை ஒரே நேரத்தில் கேட்கலாம்.

உதாரணத்துக்கு இரண்டு கல்லூரிகள். தர்மபுரி அரசு மருத்துவக் கல்லூரி 2008இல் வந்தது. கிருஷ்ணகிரி கல்லூரி 2022 ஜனவரியில் திறந்த 11 கல்லூரிகளில் ஒன்று. இரண்டிலும் அசிஸ்டன்ட் புரொஃபசர் வேலை ஏறத்தாழ ஒன்றுதான்: ஓ.பி., ரவுண்ட்ஸ், பெட்சைடு கிளாஸ், லெக்சர், பி.ஜி. (முதுநிலை மாணவர்) தீசிஸ், அதற்கு மேல் பதவி உயர்வுக்கான ஆய்வுக் கட்டுரை. இதில் பெட்சைடு கிளாஸ்தான் முதலில் அடிவாங்கும். 2019இல் வந்த திறன் அடிப்படையிலான பாடத்திட்டத்தில், மாணவர் செய்து காட்டியதைப் பார்த்து லாக்புக்கில் ஆசிரியர் கையெழுத்துப் போடவேண்டும். ஊசி போடுவதையோ பி.பி. பார்ப்பதையோ கண்ணால் பார்த்துவிடலாம். மாணவரின் காதுக்குள் என்ன விழுந்தது என்பதை எப்படிப் பார்ப்பது?

வழக்கமான முறையில் ஆசிரியர் கேட்பார், ஸ்டெத்தை எடுப்பார், "ஏபெக்ஸில் மிட் டயஸ்டாலிக் மர்மர்" (இதயத்தின் நுனிப்பக்கம், இதயம் விரியும் நேரத்தின் நடுவில் வரும் மிகை ஒலி) என்பார், மாணவர் தன் ஸ்டெத்தை வைப்பார். அதற்குள் நோயாளி புரண்டிருப்பார், வைத்த இடம் இரண்டு விரல் தள்ளிப் போயிருக்கும், அழுத்தம் மாறியிருக்கும். மைட்ரல் ஸ்டெனோசிஸ் (இதயத்தின் மைட்ரல் வால்வு குறுகல்) நோயாளிக்கு ஏட்ரியல் ஃபிப்ரிலேஷனும் (இதய மேலறைகளின் ஒழுங்கற்ற துடிப்பு) இருந்தால் துடிப்பு தாளமில்லாமல் ஓடும். முன்பு கேட்டதை நினைவில் வைத்து "அடுத்தது வரும் பார்" என்று சொல்லவே முடியாது. டீச்சிங் ஸ்டெத்தில் ஆசிரியர் தானும் கேட்டுக்கொண்டே ஒவ்வொரு மர்மருக்கும் "இப்போ... இப்போ..." என்று மாணவரின் தோளில் தட்டலாம். பத்துத் துடிப்பு போதும், பெரும்பாலான மாணவர்களின் முகத்திலேயே தெரிந்துவிடும்.

பிறகு திருப்பிப் போடுங்கள்: மாணவர் தட்டட்டும், ஆசிரியர் பேசாமல் கேட்கட்டும். மர்மர் வரும் இடத்தில் தட்டாமல் முதல் இதய ஒலிக்கெல்லாம் ('லப்') தட்டுகிறார் என்றால் அவருக்கு இன்னும் கேட்கவில்லை. கையெழுத்தை அடுத்த வாரத்துக்குத் தள்ளிவைக்கலாம்.

அழுத்தத்தின் வித்தையைக் காட்டவும் இதைவிடச் சுலபமான வழி இல்லை. மைட்ரல் ஸ்டெனோசிஸின் உறுமல் தாழ்ந்த ஒலி. நோயாளியை இடப்பக்கம் ஒருக்களித்துப் படுக்கவைத்து, மூச்சை வெளியே விட்டு நிறுத்தச் சொல்லி, பெல்லை (செஸ்ட்பீஸின் குழிவான பக்கம்) ஏபெக்ஸில் காற்று புகாத அளவுக்கு மட்டும் மெல்ல வைக்கவேண்டும். அழுத்தினால் பெல்லுக்கு அடியில் தோல் இழுபட்டு அதுவே டயஃப்ரம் (செஸ்ட்பீஸின் தட்டையான சவ்வுப் பக்கம்) ஆகிவிடும், தாழ்ந்த ஒலி போய்விடும். இருவரும் காதில் மாட்டியிருக்கும்போது ஆசிரியர் அழுத்திக் காட்டி, தளர்த்திக் காட்டினால் மர்மர் மறைவதும் திரும்பி வருவதும் மாணவருக்குத் தானாகவே விளங்கும். அயோர்டிக் ரிகர்ஜிடேஷன் (பெருந்தமனி வால்வுக் கசிவு) இதற்கு நேர் எதிர்: உட்காரவைத்து முன்னால் சாயச்சொல்லி, மூச்சை விட்டு நிறுத்தி, இடது மூன்றாம் விலா இடைவெளியில் டயஃப்ரத்தை நன்றாக அழுத்தவேண்டும். கர்நாடக எல்லையோரத் தளி, தேன்கனிக்கோட்டைப் பக்கமிருந்து வருகிறவர்கள் சிலருக்குக் கன்னடமோ தெலுங்கோதான் ஓடும். மூச்சை நிறுத்துவதை நாமே செய்து காட்டிவிட்டால் வேலை முடிந்தது.

இனி குறைகள். முதல் குறையே பெரிய குறை. இதைத் தனியாக ஒருவர் பயன்படுத்தினால் பாதி ஒலி காணாமல் போகும். இரண்டாவது ஹெட்செட் யார் காதிலும் இல்லாமல் தொங்கும்போது அது திறந்த வாய். தாழ்ந்த ஒலிகள் அந்த வழியாகக் கசிந்துவிடும், வார்டு இரைச்சல் அதே வழியாக உள்ளே வரும். வாங்கிய அன்றே தனியாக மாட்டிப் பார்த்துவிட்டு "மட்டமான சரக்கு" என்று திருப்பி அனுப்புகிறவர்கள் உண்டு. தனியாகக் கேட்டே ஆகவேண்டுமானால் சும்மா இருக்கும் கிளைக்குழாயை, பிரியும் இடத்துக்கு அருகில் மடக்கி விரலால் இறுக்கிப் பிடியுங்கள். வித்தியாசம் உடனே தெரியும். ஆனால் தினமும் மடக்கினால் அந்த இடத்தில் குழாய் வெடிக்கும். ஆக, இது உங்கள் சொந்த ஸ்டெத்துக்கு மாற்று ஆகாது.

இருவரும் மாட்டியிருந்தாலும் ஒலி இரண்டாகப் பங்குபோகிறது. பக்கத்துப் படுக்கையில் நெபுலைசர் ஓடினால் மெல்லிய மர்மர் கேட்காது. ஃபேனை ஒரு நிமிடம் நிறுத்துங்கள். சித்திரை வெயிலில் அதற்கு மேல் நிறுத்தினால் நோயாளியே எழுந்துபோய்விடுவார்.

அடுத்த தொல்லை, குழாய் உரசல். நீளமான இரண்டு கிளைகள் ஒன்றோடொன்று உரசும், கட்டில் கம்பியில் உரசும், ஐ.வி. லைனில் மாட்டும். அந்தக் கரகரப்பு காதில் பெரிகார்டியல் ரப் (இதய உறை உரசும் ஒலி) போலவே விழும். சந்தேகம் வந்தால் குழாயைத் தூக்கி அந்தரத்தில் பிடித்துக் கேளுங்கள். போய்விட்டால் அது குழாயின் சத்தம். நெஞ்சில் முடி அடர்ந்தவர்களிடம் வேறொரு ஏமாற்று: டயஃப்ரத்துக்கு அடியில் முடி நெரிபடும் ஒலி நுரையீரல் கிராக்கிள்ஸ் (மூச்சில் வரும் வெடிப்பொலி) மாதிரியே இருக்கும். அந்த இடத்தைத் தண்ணீரால் லேசாக நனைத்தால் அடங்கும்.

நுரையீரலுக்கு இந்தக் கருவி அவ்வளவு தேவையில்லை என்பார்கள் சிலர். பூச்சிமருந்து குடித்து வரும் நோயாளி அடிக்கடி வரும் இந்த மாவட்டங்களில் அதை ஏற்கமுடியாது. ஆர்கனோபாஸ்பேட் (ஒரு வகைப் பூச்சிமருந்து) விஷத்தில் மாற்றுமருந்தான அட்ரோபினை 1.8 முதல் 3 மி.கி.யில் (0.6 மி.கி. ஆம்பூல் மூன்று முதல் ஐந்து) தொடங்கி, 5 நிமிடத்துக்கு ஒருமுறை பார்த்து, பலன் போதாவிட்டால் இரட்டிப்பாக்கிக்கொண்டே போகிறோம். எங்கே நிறுத்துவது? நெஞ்சு தெளிந்திருக்கவேண்டும், நாடி 80க்கு மேல், மேல் ரத்த அழுத்தம் 80க்கு மேல், அக்குள் காய்ந்திருக்கவேண்டும், கண்மணி ஊசிமுனை நிலையிலிருந்து விரிந்திருக்கவேண்டும். இதில் "நெஞ்சு தெளிவு" என்பதுதான் புது சி.ஆர்.ஆர்.ஐ. (ஹவுஸ் சர்ஜன்) டாக்டரைக் குழப்பும். இரண்டு பக்கமும் பரவலாகக் கொழகொழக்கும் ஒலி சுரப்பினால் வருவது, அட்ரோபினுக்கு அடங்கும். ஒரு பக்கம் மட்டும், பெரும்பாலும் வலது அடிப்பகுதியில், விடாமல் இருக்கும் கிராக்கிள்ஸ் வாந்தி புரையேறியதால் இருக்கலாம். அதைத் துரத்திக்கொண்டு ஆம்பூலை உடைத்துக்கொண்டே போனால் நோயாளி பிதற்ற ஆரம்பிப்பார், காய்ச்சல் ஏறும், வயிறு அசையாது. இரண்டு ஒலிகளையும் சீனியரும் ஜூனியரும் சேர்ந்து ஒரு தடவை கேட்டுவிட்டால் அடுத்த நைட் டியூட்டி கொஞ்சம் நிம்மதி.

வாங்கும்போது என்ன பார்க்கவேண்டும்? செஸ்ட்பீஸ் இரண்டு தினுசில் வருகிறது. ஒருமுக மாடலில் மெல்ல வைத்தால் தாழ்ந்த ஒலி, அழுத்தினால் உயர்ந்த ஒலி. இருமுக மாடலில் ஒரு பக்கம் பெல், மறுபக்கம் டயஃப்ரம், திருப்பிக்கொள்ளவேண்டும். கற்பிக்க இருமுகமே மேல். மூன்றாம் வருட மாணவருக்கு பெல்லும் டயஃப்ரமும் கண்ணுக்குத் தனித்தனியாகத் தெரியவேண்டும். ஒரே முகத்தில் அழுத்தத்தால் மாறும் வித்தை பி.ஜி.க்களுக்குச் சரி. திருப்பும்போது 'டிக்' என்று உட்காரவேண்டும். உட்கார்ந்தபின் டயஃப்ரத்தை நகத்தால் மெல்லத் தட்டுங்கள். நான்கு காதிலும் ஒரே அளவில் கேட்கவேண்டும். ஒரு கிளையில் மட்டும் மங்கினால் பிரியும் இடத்தில் பிசிறோ கசிவோ இருக்கிறது, வாங்காதீர்கள். குழாய்ச் சுவர் தடிப்பாக இருக்கவேண்டும். இரண்டு விரலால் அமுக்கினால் சப்பென்று ஒட்டிக்கொள்ளும் மெல்லிய குழாய் வெளிச்சத்தத்தை எல்லாம் உள்ளே விடும். கடைசியாக, இயர்டிப்பும் டயஃப்ரமும் தனியாகக் கிடைக்குமா என்று கேட்டுக்கொள்ளுங்கள். தர்மபுரி, கிருஷ்ணகிரி சர்ஜிக்கல் கடைகளில் சாதாரண ஸ்டெத் கிடைக்கும் அளவுக்கு இது கிடைப்பதில்லை. சேலத்துக்கோ பெங்களூருக்கோ போகவேண்டும், இல்லையென்றால் ஆன்லைன். உதிரிபாகம் கிடைக்காத மலிவு மாடல் ஒரு பேட்ச் முடிவதற்குள் மூலைக்குப் போய்விடும்.

பிராண்டு பற்றி ஒரு வார்த்தை. இன்று எல்லோரும் கழுத்தில் மாட்டும் லிட்மன் என்ற பெயர் டேவிட் லிட்மனுடையது. ஹார்வர்டில் பாடம் சொல்லிக்கொடுத்த இதய மருத்துவர். 1961இல் நல்ல ஸ்டெத் எப்படி இருக்கவேண்டும் என்று அமெரிக்க மருத்துவச் சங்க இதழில் எழுதினார். 1967இல் அவர் நிறுவனத்தை 3எம் வாங்கியது. 2024இல் 3எம்மின் மருத்துவப் பிரிவு சால்வென்டம் என்று தனியாகப் பிரிந்ததால் பெட்டியில் புதுப் பெயரைப் பார்த்துப் போலி என்று பதறவேண்டாம். காசு குறைவென்றால் நல்ல பிராண்டில் ஒரு சாதாரண ஸ்டெத்தை உங்களுக்கு வாங்கிக்கொண்டு, டீச்சிங் ஸ்டெத்தை நடுத்தர விலையில் யூனிட்டுக்கு ஒன்று என்று வாங்குவதே புத்திசாலித்தனம்.

எலக்ட்ரானிக் ஸ்டெத் வாங்கி ப்ளூடூத்தில் வகுப்பு முழுவதும் கேட்கவைக்கலாமே என்று கேட்பவர்களுக்கு: கேட்கலாம், ஆனால் செல்போன் ஸ்பீக்கரில் கேட்காது. இதய ஒலிகளின் சாரம் இருப்பது தாழ்ந்த அதிர்வெண்ணில். அந்தச் சின்ன ஸ்பீக்கரால் அதை எழுப்பமுடியாது. மூன்றாம் ஒலி (லப்-டப் முடிந்ததும் சிலருக்கு வரும் தாழ்ந்த ஒலி) சுத்தமாகக் காணாமல் போகும், மிஞ்சுவது உரசல் சத்தம். ஆளுக்கொரு நல்ல ஹெட்போன் வேண்டும், சார்ஜும் இருக்கவேண்டும். விலையும் வேறு உயரத்தில்.

பராமரிப்பில் எல்லோரும் கோட்டைவிடுவது இயர்டிப்பில். பதினைந்து காதில் மாறிமாறிப் போகும் பொருள் இது. ஒருவர் காதிலிருந்து எடுத்ததும் 70% ஆல்கஹால் துணியால் துடைத்து, காய்ந்தபின் அடுத்தவர் மாட்டவேண்டும். காதில் சீழோ பூஞ்சையோ உள்ளவர் அன்று மாட்டவேண்டாம். செஸ்ட்பீஸை ஒவ்வொரு நோயாளிக்குப் பிறகும் துடைக்கவேண்டும். 2014இல் ஜெனீவா மருத்துவமனை ஆய்வில் டயஃப்ரத்தில் இருந்த கிருமி, மருத்துவரின் விரல்நுனி தவிர கையின் மற்ற எந்தப் பகுதியையும்விட அதிகம். கழுத்தில் வெறும் தோலில் படும்படி தொங்கவிடாதீர்கள். வியர்வையும் தலை எண்ணெயும் ஊறிக் குழாய் விறைத்துப்போகும். தண்ணீரில் முக்கவும் கூடாது, ஆட்டோகிளேவில் (நீராவியால் கிருமி நீக்கும் கருவி) போடவும் கூடாது. வெயிலில் நிற்கும் காருக்குள் டேஷ்போர்டில் வைக்கவே வேண்டாம்.

மாட்டும் திசையையும் சொல்லிவிடலாம், முதல் வாரத்தில் பாதிப்பேர் தலைகீழாகத்தான் மாட்டுகிறார்கள்: இயர்டிப் மூக்குப் பக்கம் சாய்ந்திருக்கவேண்டும். பின்பக்கம் பார்த்திருந்தால் காதுக்குழியின் சுவரில் மோதி அடைத்துக்கொள்ளும். "கேட்கலை சார்" என்று உண்மையைச் சொல்லும் மாணவரிடம் முதலில் இதைப் பாருங்கள்.

நோயாளியின் பக்கமும் இருக்கிறது. ஒரே நோயாளியிடம் ஒரு வகுப்பில் நான்கைந்து பேருக்கு மேல் வேண்டாம். மூச்சுத்திணறலோடு இருப்பவரை ஒருக்களித்துப் படுக்கவைத்து அரைமணி நேரம் வதைக்கக்கூடாது. கேட்பதற்கு முன் சம்மதம் கேளுங்கள். பெண் நோயாளி என்றால் திரையை இழுத்துவிட்டு ஒரு ஸ்டாஃப் நர்ஸோ மாணவியோ உடனிருக்கவேண்டும். துணிக்கு மேல் வைத்துக் கேட்பது கேட்பதே அல்ல, அதையும் மாணவர்கள் இங்கேதான் கற்கிறார்கள். குழாய் நீளம் என்பதால் மாணவர் கட்டிலின் கால்பக்கம் நின்றே கேட்கலாம், நோயாளியின் முகத்துக்கு மேல் குனியவேண்டியதில்லை. இந்த ஒன்றுக்காகவே சில நோயாளிகள் இந்தக் கருவியை விரும்புகிறார்கள்.

வைக்கும் இடம்: யூனிட் அலமாரியில், இறுக்கிச் சுருட்டாமல், தளர்வான வளையமாக. சாவி சீனியர் பி.ஜி.யிடம். யார் எடுத்தார் என்று நோட்டில் எழுதவைத்தால் தொலையாது, எழுதவைக்காவிட்டால் அடுத்த போஸ்டிங்கில் தேடவேண்டியிருக்கும்.