ராயபுரத்தில் 340 சதுர அடி: ஐந்து ஆண்டுகள் வாழ்ந்து பார்த்தபின்

மூன்றாவது மாடி, ஒரு கூடம், அதை ஒட்டிச் சமையலறை, கிழக்குப் பார்த்த ஜன்னல். ராயபுரத்தில் தனி ஆளாக நான் குடியிருக்கும் வீடு இவ்வளவுதான். உள்வேலைகளை என் விருப்பப்படி செய்து ஐந்து ஆண்டுகள் ஆகின்றன.

முதலில் வாங்கியது இரும்புச் சட்டம் போட்ட சோபா கம் பெட். பெரிய தவறு. பகலில் மடித்து இரவில் விரிக்கலாம் என்று கணக்குப் போட்டேன். மூன்றே மாதத்தில் மடிப்பதை விட்டுவிட்டேன். இரண்டாவது மழைக்காலத்தில் மூட்டுகள் துருப்பிடித்து, புரண்டு படுத்தாலே கிறீச்சிட்டன. பிறகு ஆசாரியிடம் சொல்லி, மூன்றடி அகலத்தில் இழுப்பறை வைத்த திவான் செய்துகொண்டேன். போர்வை, பாய், மழைக்கோட்டு எல்லாம் அதற்குள் அடங்கிவிடுகின்றன.

"தம்பி, கடல் பக்கத்து வீட்டில் மரத்துக்கு மட்டும் காசு போட்டால் போதாது, கீலுக்கும் திருகாணிக்கும் போட வேண்டும்" என்றார் ஆசாரி. நான் முழுதாகக் கேட்கவில்லை. ஜன்னலருகே போட்ட 304 ரக எவர்சில்வர் கீல்களில் ஓராண்டிலேயே தேநீர்க் கறை போலப் பழுப்புப் புள்ளிகள். மாலிப்டினம் கலந்த 316 ரகம் உப்பைக் கூடுதலாகத் தாங்கும். விலை அதிகம்தான், ஆனாலும் மாற்றினேன். இன்றுவரை பளிச்சென்று இருக்கின்றன.

பிளைவுட்டிலும் இதே கதை. திவானுக்கு ஐ.எஸ். 710 முத்திரை உள்ள பலகை; ஈரத்தைத் தாங்கும் மரைன் பிளைவுட்டுக்கான இந்தியத் தரக்குறி அது. சிக்கனம் பார்த்து, சிங்க் அடியில் மட்டும் ஐ.எஸ். 303, அதாவது பொதுப் பயன்பாட்டுக்கான பிளைவுட். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது சமையலறை ஜன்னல் வழியே அடித்த சாரல் இரண்டு நாள் அங்கே தேங்கியது. பலகையின் ஓரம் அப்பளம் போலப் பொரிந்து உப்பிவிட்டது. அந்த இடத்தில் இப்போது கதவே இல்லை. கடப்பைக்கல் தட்டும் மூன்று குடங்களும்தான். லாரித் தண்ணீர் வரும் நாளில் குடம் வைக்க ஓர் இடம் வேண்டும் என்பது முதலில் போட்ட வரைபடத்தில் எனக்குத் தோன்றவே இல்லை.

பொய்க்கூரை போடவில்லை. அந்த உயரத்தில் பரண் கிடைத்தது.

நான் மிகவும் நேசிப்பது சுவரில் மடியும் மேஜையை. இரண்டரை அடிக்கு ஒன்றரை அடி. சாப்பாடு, அலுவலக வேலை, துணி தேய்ப்பது எல்லாம் அதன்மேல்தான். ஜன்னலை அடைத்து அலமாரி வைத்தால் இடம் மிச்சம் என்று பலர் சொன்னார்கள். நான் அலமாரியை மேற்குச் சுவருக்குக் கொண்டுபோனேன். பிற்பகலில் கடற்காற்று திரும்பியதும் கூடம் முழுக்கக் குளிர்கிறது. ஊரிலிருந்து அம்மா வந்தால் மேஜையை மடித்துவிட்டு ஜன்னலடியில் பாய் விரிக்கிறேன். "மின்விசிறியை நிறுத்துடா, காற்றே போதும்" என்கிறார்.

பாக்கி இருப்பது ஜன்னல் கம்பிகள். வரும் கோடையில் துருவைச் சுரண்டி, ரெட் ஆக்சைடு அடித்து, அதன்மேல் எனாமல் பூச வேண்டும்.