எபிக்டெட்டஸா, செனெகாவா, மார்கஸா: வேலைக்கு யாரைத் துணைக்கு அழைப்பது?

நம் கையில் இல்லாததை நினைத்துக் கலங்காமல், நம் கையில் உள்ளதை ஒழுங்காகச் செய்யச் சொல்லும் ஸ்டோயிக் தத்துவத்தை வேலையிடத்துக்குக் கொண்டுபோக நினைப்பவர்கள் பலரும் இந்த மூன்று பேரையும் ஒரே ஆளாக வாசித்துவிடுகிறார்கள். கி.மு. 300 வாக்கில் ஏதென்ஸில், ஓவியங்கள் தீட்டிய ஒரு தூண் மண்டபத்தில் ஜீனோ தொடங்கிவைத்த மரபில்தான் மூவரும் வருகிறார்கள். ஆனால் எபிக்டெட்டஸ் அடிமையாக இருந்தவர், செனெகா ரோமப் பேரரசர் ஒருவருக்கு ஆலோசகர், மார்கஸ் ரோமப் பேரரசரே. அதிகாரம் யாரிடம் இருக்கிறது என்பதைப் பொறுத்து அவர்கள் அழுத்திச் சொல்வதும் மாறுகிறது. நம் வேலையில் நமக்கு எவ்வளவு அதிகாரம் இருக்கிறது என்று பார்த்துத்தான் இவர்களில் ஒருவரிடம் போக வேண்டும் என்று நினைக்கிறேன்.

எபிக்டெட்டஸ் தானாக எதுவும் எழுதவில்லை. அவர் பேசியதை மாணவர் அரியன் எழுதிவைத்தார். அதிலிருந்து தொகுத்த சிறிய கையேட்டின் தொடக்கமே ஒரு பிரிவினை: கருத்து, முயற்சி, விருப்பு, வெறுப்பு நம் கையில் உள்ளவை, உடல், சொத்து, பெயர், பதவி நம் கையில் இல்லாதவை. பதவி எந்தப் பக்கம் இருக்கிறது என்று பாருங்கள். அடுத்த பதவி உயர்வை நம்பியே மன நிம்மதியை அடகு வைப்பவருக்கு இந்த ஒரு வரி போதும்.

இதில் ஒரு ஆபத்தும் உண்டு. "என் கையில் இல்லை" என்று சொல்லி, கேட்க வேண்டியதைக் கூடக் கேட்காமல் இருந்துவிடுவது. நானும் அப்படி இருந்திருக்கிறேன். நான் தயாரித்த அறிக்கை ஒன்று வேறொருவர் பெயரில் போனது. அமைதியாக இருப்பதுதான் ஸ்டோயிக் வழி என்று நினைத்து வாயைத் திறக்கவில்லை. அப்புறம்தான் புரிந்தது: மேலாளர் என்ன முடிவெடுப்பார் என்பது என் கையில் இல்லை; ஆனால் போய்ப் பேசுவது முழுக்க என் கையில்தான் இருந்தது. சம்பள உயர்வு கேட்பதும் அப்படித்தான். செய்த வேலையைக் கணக்கோடு எடுத்துவைத்துக் கேட்பது நம் பொறுப்பு. பதில் அவர்களுடையது.

எபிக்டெட்டஸின் இன்னொரு பயிற்சி கூட்டங்களுக்கு முன் நன்றாக உதவுகிறது. பொதுக் குளியலிடத்துக்குப் போவதற்கு முன், அங்கே தண்ணீரை வாரி இறைப்பார்கள், இடிப்பார்கள், திட்டுவார்கள், திருடுவார்கள் என்று நினைவுபடுத்திக்கொள் என்கிறார். குளிக்கவும் வேண்டும், மனநிலையும் கெடக்கூடாது என்று இரண்டையும் சேர்த்து முடிவு செய்துகொண்டு கிளம்பச் சொல்கிறார். குறுக்கே பேசுவார்கள், நேரம் இழுக்கும் என்று தெரிந்தே கூட்டத்துக்குள் நுழைபவர் பாதி எரிச்சலை வாசலிலேயே விட்டுவிடுகிறார்.

செனெகா வேறு மாதிரி. அவர் பேரரசர் நீரோவின் ஆசிரியராகவும் ஆலோசகராகவும் இருந்தவர். கி.பி. 62இல் விலக அனுமதி கேட்டும் கிடைக்கவில்லை; 65இல் நீரோவின் கட்டளையால் உயிரை விட்டார். எளிமையைப் பற்றி எழுதிய அவர் பெரும் பணக்காரராகவும் இருந்தார் என்ற குறையைத் தள்ளிவிட முடியாது. ஆனாலும் கோபத்தைப் பற்றி அவர் எழுதிய மூன்று பகுதி நூலுக்கு இணையாக மற்ற இருவரிடமும் எதுவும் இல்லை. கோபத்துக்குப் பெரிய மருந்து தாமதம் என்கிறார் அதில். கொதிப்போடு எழுதிய மின்னஞ்சலை அனுப்பாமல் வைத்திருந்து மறுநாள் வாசித்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

அதே நூலில் இரவுப் பழக்கம் ஒன்றையும் சொல்கிறார். விளக்கை எடுத்துச் சென்றபின், அவர் வழக்கம் தெரிந்த மனைவியும் பேசாமல் இருக்க, அன்றைய நாளை முழுவதும் மனதில் திருப்பிப் பார்ப்பாராம். அந்த விவாதத்தில் அளவுக்கு மீறிப் பேசினாய், அவரைத் திருத்தப் போய்ப் புண்படுத்திவிட்டாய் என்று தனக்கே சொல்லிக்கொள்வார். இதில் எனக்கு மிகவும் பிடித்தது, இனி இப்படிச் செய்யாதே, இப்போது மன்னிக்கிறேன் என்றும் அவர் சொல்லிக்கொள்வதுதான். அந்த மன்னிப்பை விட்டுவிட்டுப் பலர் இந்தப் பயிற்சியைச் செய்கிறார்கள். அப்போது அது தன்னைத்தானே திட்டிக்கொள்ளும் வேலையாகி, தூக்கத்தையும் கெடுத்துவிடுகிறது.

மார்கஸ் ஆரேலியஸ் கி.பி. 161 முதல் 180 வரை பேரரசராக இருந்தவர். கிரேக்கத்தில் தனக்காகவே குறிப்புகள் எழுதினார். ஒரு குழுவை நடத்துபவருக்கு அவர் பொருந்துவார். இன்று தலையிடுபவரையும் நன்றியில்லாதவரையும் சந்திப்பேன் என்று காலையிலேயே சொல்லிக்கொள்வது அவர் பயிற்சி. அவர்களும் என் உறவினரே, இரண்டு கைகளைப்போல, மேல் கீழ்ப் பல்வரிசைகளைப்போலச் சேர்ந்து உழைக்கப் பிறந்தவர்கள் என்று அவர் முடிப்பதையும் சேர்த்து வாசிக்க வேண்டும். முன்பாதியோடு நிறுத்தினால், ஆட்களைச் சந்திக்கும் முன்பே அவர்கள்மேல் வெறுப்பு வந்துவிடும்.

சரி, ஒன்றை மட்டும் எடுக்கச் சொன்னால்? வேலையில் புதியவர், முடிவெடுக்கும் இடத்தில் இல்லாதவர் என்றால் எபிக்டெட்டஸ். நான்கு பேருடைய நாள் எப்படிப் போகும் என்பது உங்கள் ஒரு சொல்லில் இருக்கிறதென்றால் மார்கஸ். ஆனால் எங்கே இருந்தாலும் முதல் மாதத்துக்கு நான் செனெகாவின் இரவுப் பழக்கத்தைத்தான் சொல்வேன். மற்ற இரண்டும் நடக்கப்போவதைக் கற்பனை செய்யச் சொல்கின்றன; இது நடந்து முடிந்ததை எடுத்துவைத்துப் பார்க்கிறது. எங்கே தவறினேன், எதைச் சரியாகச் செய்தேன், நாளை யாரிடம் போய்ப் பேச வேண்டும் என்று நான் மூன்று வரி எழுதுகிறேன். மூன்றாவது வரியில் ஒரே பெயர் மூன்று நாள் தொடர்ந்து வந்தால், நான்காம் நாள் காலையில் முதல் வேலையாக அவரிடம் போகிறேன்.